இரு கல்லறைகளும் ஒரு வெற்றிடமும்

ஒரு பொருளை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்கு வினை, பயன், மெய், உரு என்னும் நான்கு நிலைக்களங்களைத் தொல்காப்பியர் வகுத்தார். வகுத்ததோடு அமையாமல், உவமையாக வரும் பொருள் உவமிக்கப்படும் பொருளினும் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் விதித்தார். முகத்துக்குச் சந்திரனை உவமை சொல்லலாம். சந்திரனுக்கு எதைச் சொல்வது? இலக்கணம் படிக்கும் மாணவனுக்கு எழும் இந்தச் சிறிய சங்கடம், உலகத்தின் இரு பெரும் மார்க்கங்களுக்கு மூலபுருஷர்களாக எண்ணப்படுகிற இயேசுநாதரையும் நபிகள் நாயகத்தையும் அருகருகே வைத்துச் சிந்திக்க விரும்புகிறவனுக்குப் பெரிய சங்கடமாகவே வந்து நேர்கிறது. ஒருவரை உவமானமாக்கி மற்றவரை உவமேயமாக்கிய கணத்திலேயே ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்திவிட்டோம். ஆராய்ச்சி தொடங்குமுன் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

ஒப்பிட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களுள் பலரும் நியாயஸ்தலத்து வக்கீலைப்போல, தம் கட்சிக்காரருக்கு வேண்டிய சாட்சியங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்தவர்கள். இடைக்கால ஐரோப்பியர் நபிகள் நாயகத்தைப் பற்றி அறிந்தது கொஞ்சம், தூற்றியது அதிகம். அந்தப் பழக்கத்துக்கு மாறாக, 1840ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன் மாநகரில் வீரர்களைப் பற்றித் தொடர்சொற்பொழிவு ஆற்றிய தாமஸ் கார்லைல், தீர்க்கதரிசியாகத் தோன்றும் வீரனுக்கு எடுத்துக்காட்டாக நபிகள் நாயகத்தையே தேர்ந்துகொண்டு, அவரை வஞ்சகர் என்று பேசிவருவது நமக்கே இழிவு என்று தம் நாட்டாருக்கு இடித்துரைத்தார். ஆனால் அதே கார்லைல், இயேசுநாதரை அந்த வரிசையில் நிறுத்தி ஆராயத் துணியவில்லை; பெயரையும் சொல்லாமல், ஒரு மௌனத்தால் வணங்கிவிட்டு அப்பாற் சென்றார். ஒருவரைப் பற்றிப் பேசுவதும் மற்றவரைப் பற்றிப் பேசாதிருப்பதுமாகிய அந்தச் செயலிலும் ஒரு தராசு மறைந்திருக்கிறது. அத்தராசைக் கையிலெடுக்காமல் இவ்விருவரையும் நோக்க இயலுமா என்பதே என்னைச் சில காலமாக அலைக்கழித்து வருகிற கேள்வி.

ஸ்தாபகர் என்று நாம் எளிதாக வழங்குகிற சொல்லே இருவருக்கும் பொருந்தி அமையவில்லை. நாசரேத்தூர்த் தச்சராகிய இயேசு, யூதத் தாய்க்குப் பிறந்து, எட்டாம் நாள் விருத்தசேதனம் பெற்று, ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குச் சென்று வேதம் வாசித்து, பஸ்காப் பண்டிகைக்கு எருசலேமுக்கு யாத்திரை போனவர். மோசேயின் நியாயப்பிரமாணத்தை அழிக்க வரவில்லை, நிறைவேற்ற வந்தேன் என்பதே அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டதாகச் சுவிசேஷம் கூறுவது. கிறிஸ்தவர்கள் என்னும் பெயர் அவர் காலத்தில் இல்லை. அவருக்குப் பின் அந்தியோக்கியா நகரத்தில்தான் அது முதன்முதல் வழங்கத் தொடங்கிற்று. நபிகள் நாயகமோ தாம் ஒரு புதிய மதத்தைக் கொணர்ந்ததாக என்றும் சொல்லவில்லை. ஆதாமில் தொடங்கி நோவா, ஆபிரகாம், மோசே, ஈசா என அரபியில் வழங்கும் இயேசு என்று வந்த நீண்ட வரிசையில் தாம் இறுதியானவர் என்றும், முன்னமே கட்டி முடித்த அழகிய மாளிகை ஒன்றில் ஒரு மூலையில் மட்டும் விடுபட்டிருந்த செங்கல்லைப் போன்றவர் என்றும் சொன்னார். ஐரோப்பியரைப் பின்பற்றி நம்மவரும் 'மகம்மதிய மதம்' என்று எழுதிவந்த காலத்தில் முஸ்லிம் பெரியோர்கள் அதை மறுத்ததன் காரணம் இதுவே: கிறிஸ்துவின் பெயரால் கிறிஸ்தவம் வழங்குவது அம்மதத்தின் உயிர்நிலைக்கு இசைந்தது, முகம்மதின் பெயரால் இஸ்லாம் வழங்குவது அம்மார்க்கத்தின் உயிர்நிலைக்கே முரணானது.

காலத்தை அளக்கும் முறையிலும் இந்த வேறுபாடு பதிந்திருக்கிறது. ரோமாபுரியில் வாழ்ந்த தியோனீசியஸ் என்னும் துறவி 525ஆம் ஆண்டில் கிறிஸ்துவின் ஜனனத்தை முதலாகக் கொண்டு ஆண்டுகளை எண்ணும் முறையை வகுத்தார். ஏரோது மன்னன் காலத்தில் இயேசு பிறந்தார் என்பது சுவிசேஷம். ஏரோது மாண்டதோ கி.மு. 4 என்பது சரித்திர ஆசிரியர்களின் பொதுவான கணக்கு. ஆகவே கிறிஸ்து கிறிஸ்துவுக்கு முன்னரே பிறந்தார் என்னும் வேடிக்கையான முடிவுக்கு நாம் வந்து சேர்கிறோம். ஆனால் கணக்குப் பிழைத்தாலும் கருத்துப் பிழைக்கவில்லை: ஒரு குழந்தையின் பிறப்பிலிருந்து உலகம் புதிதாயிற்று என்பதே அக்கருத்து. முஸ்லிம்களுக்கு ஒரு சகாப்தம் வேண்டும் என்ற ஆலோசனை எழுந்தபோது கலீபாவாக இருந்தவர் உமர். நபியின் பிறப்பைக் கொள்ளலாமா, அவருக்கு இறைச்செய்தி அருளப்பட்ட நாளைக் கொள்ளலாமா, மறைந்த நாளைக் கொள்ளலாமா என்றெல்லாம் ஆராய்ந்து, எதையும் கொள்ளாமல், 622ஆம் ஆண்டில் மக்காவிலிருந்து மதீனாவுக்கு நிகழ்ந்த ஹிஜ்ரத் பிரயாணத்தையே அவர் ஆண்டுகளின் தொடக்கமாக நிறுவினார். ஒரு மனிதர் பிறந்ததையும் அன்று, இறந்ததையும் அன்று. வீட்டையும் உறவையும் விட்டு ஒரு சமுதாயம் புறப்பட்டுச் சென்றதை அந்தக் காலக்கணக்கு நினைவில் வைத்தது. இந்த உமர் இக்கட்டுரையில் மேலும் சில இடங்களில் நமக்கு எதிர்ப்படுவார். வாசகர்கள் அவரை நினைவில் இருத்திக்கொள்வார்களாக.

இருவரும் நின்ற நிலம் எது என்று பாராமல் அவர்கள் செய்த வினையை மட்டும் பார்ப்பது, நெய்தல் நிலத்துப் பரதவனை நோக்கி ஏன் உழவில்லை என்றும், மருத நிலத்து உழவனை நோக்கி ஏன் வலை வீசவில்லை என்றும் கேட்பதைப் போன்றது. கலிலேயாவில் ஏரோது அந்திப்பா ஆண்டான். யூதேயாவில் ரோமச் சக்கரவர்த்தியின் அதிகாரியாக 26 முதல் 36 வரை பொந்தியு பிலாத்து இருந்தான். வரி வாங்க ஆயக்காரரும், வழக்குத் தீர்க்க ஆலோசனைச் சங்கமும், பிறப்பு முதல் இறப்பு வரை நெறிப்படுத்த மோசேயின் பிரமாணமும் அங்கே இருந்தன. சட்டமும் சேனையும் நிரம்பி வழிந்த அந்தத் தேசத்தில் இல்லாதது இருதயம் ஒன்றுதான். அதைத் தேடி வந்தவருக்குக் கிடைத்த அவகாசமும் மிகக் குறைவு: ஏறக்குறைய முப்பதாவது வயதில் தொடங்கிய அவருடைய பகிரங்க ஊழியம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படவில்லை என்பதே பொதுவான கருத்து. அப்பம் உண்டு திருப்தியடைந்த ஜனங்கள் தம்மைப் பிடித்து ராஜாவாக்க எண்ணியதை அறிந்தபோது அவர் தனியே மலைமேல் ஏறிப் போய்விட்டார் என்று யோவான் எழுதுகிறார்.

மக்காவிலோ அரசன் இல்லை, சிறைச்சாலை இல்லை, எழுதி வைத்த சட்டம் இல்லை. ஒருவனுடைய உயிருக்குக் காப்பு அவன் பிறந்த குலமே. பிறக்குமுன் தந்தை அப்துல்லாஹ்வையும், ஆறாம் வயதில் தாய் ஆமினாவையும், எட்டாம் வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிபையும் இழந்து, பெரிய தகப்பனார் அபூதாலிபின் நிழலில் வளர்ந்த அநாதைக்கு அந்தக் காப்பின் அருமை நன்றாகத் தெரியும். 610ஆம் ஆண்டில் ஹிரா குகையில் முதல் இறைச்செய்தி வந்து, அதைக் கேட்ட மக்காவின் குறைஷிக் குலத்தார் பகை கொண்டு, 619ஆம் ஆண்டில் அபூதாலிபும் அன்பு மனைவி கதீஜாவும் அடுத்தடுத்து மறைந்தபின், அவருக்கு அந்த ஊரில் நிழல் இல்லாமற் போயிற்று. மதீனாவாசிகள் தங்களுக்குள் ஓயாத குலப்பகையைத் தீர்த்துவைக்கும் நடுவராக அவரை ஏற்றுக்கொண்டபோது, இறைவனைப் பற்றிச் சொல்ல வந்தவரே அநாதைச் சொத்துக்கும், விதவையின் பங்குக்கும், கடைத்தெருவின் எடைக்கும், போருக்கும் உடன்படிக்கைக்கும் நெறி வகுக்க வேண்டியவரானார். அந்த ஆட்சிச் சுமை அவருடைய இருபத்து மூன்று ஆண்டு நபித்துவத்தில் கடைசிப் பத்து ஆண்டுகளுக்கு உரியது. சீசர் ஒருவன் இருக்கிற நாட்டில் சீசருக்குரியதைச் சீசருக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிடலாம். சீசரே இல்லாத பாலைவனத்தில் அதை யாருக்குக் கொடுக்கச் சொல்வது?

இவ்வாறு சொல்வதால், ஒருவர் வெறும் சாந்தமூர்த்தி, மற்றவர் வெறும் ஆட்சியாளர் என்ற பழைய சித்திரத்தையே வேறு வர்ணத்தில் தீட்டுகிறேன் என்று யாரும் கருத வேண்டாம். அந்தச் சித்திரத்தை இருவருடைய வாழ்க்கையுமே கிழித்துப் போடுகின்றன. எருசலேம் தேவாலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்துக் கயிற்றுச் சாட்டையை ஓங்கியவர் சாந்தமூர்த்தியே. தாயிப் நகரத்தாரிடம் ஆதரவு நாடிச் சென்று, அவர்கள் ஏவிய சிறுவரும் அடிமைகளும் கல்லால் எறிய, பாதரட்சையில் இரத்தம் தோயத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் ஒதுங்கியவர் பின்னாளில் ஆட்சியாளராகப் போகிறவரே. இரு மலைகளையும் ஒன்றோடொன்று மோதி அந்த மக்களை நசுக்கிவிடட்டுமா என்று வானவர் கேட்டதாகவும், வேண்டாம், இவர்களுடைய சந்ததியிலேனும் ஏக இறைவனை வணங்குவோர் தோன்றக்கூடும் என்று அவர் தடுத்ததாகவும் மரபு கூறுகிறது. அந்தத் தோட்டத்தில் அவருக்கு ஒரு தட்டில் திராட்சைக் குலையை ஏந்தி வந்த அடிமை அத்தாஸ், நினிவே பட்டணத்தைச் சேர்ந்த கிறிஸ்தவன்.

இருவரும் மன்னித்த இரண்டு தருணங்களை எண்ணிப் பார்க்கிறேன். கபாலஸ்தலத்தில் ஆணிகளால் அறையப்பட்டவர், தம்மை அறைந்தவர்களுக்காகப் பிதாவினிடம் மன்றாடினார். அந்த மன்றாட்டு லூக்காவின் மிகப் பழைய ஏடுகள் சிலவற்றில் காணப்படவில்லை என்று பாட ஆராய்ச்சியாளர் சொல்வர். ஆயினும் கிறிஸ்தவ உலகம் தன் ஆண்டவரை அடையாளம் கண்டுகொள்வது அதைக் கொண்டுதான். 630ஆம் ஆண்டில், பதினாயிரம் பேர் பின்தொடர மக்காவுக்குள் பிரவேசித்த நபிகள் நாயகம், தம்மைத் துரத்தியவர்களும் தம்மவரைக் கொன்றவர்களும் தலைகுனிந்து நின்ற கூட்டத்தைப் பார்த்து, யூசுப் தம் சகோதரரை மன்னித்துச் சொன்னதையே தாமும் சொல்வதாகக் கூறிப் போகவிட்டார். பதிலுக்கு ஒன்றும் செய்ய இயலாத நிலையில் மன்னிப்பது அரிதா, எதையும் செய்யக்கூடிய நிலையில் மன்னிப்பது அரிதா? முதலாவதில், மன்னிப்பைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாதபோது வெறுப்பை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாம் என்னும் ஆசையை வெல்ல வேண்டும். இரண்டாவதில், வெறுப்புக்கு வேண்டிய வாள் கையிலேயே இருப்பதை மறக்க வேண்டும். வலியுடையோன் பொறுப்பதையும் வலியற்றோன் பொறுப்பதையும் வைத்து நம் முன்னோர் நிரம்ப விவாதித்திருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இது: துன்புறுத்தப்படுகிற சமுதாயத்துக்கு முதல் காட்சியும், வெற்றி பெற்ற சமுதாயத்துக்கு இரண்டாம் காட்சியும் தேவைப்படுகின்றன, எந்தச் சமுதாயமும் என்றைக்கும் ஒரே நிலையில் இருப்பதில்லை.

இவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை; இடையே ஆறு நூற்றாண்டுகள். ஆயினும் சரித்திரம் அவர்களை ஒருமுறை ஒரே மண்டபத்தில் சந்திக்க வைத்தது. மக்காவின் கொடுமைக்கு ஆற்றாத முஸ்லிம்கள் சிலர் 615ஆம் ஆண்டு அளவில் செங்கடலைக் கடந்து அபிசீனிய நாட்டில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை மீட்டுக்கொண்டு போகக் குறைஷித் தூதர் காணிக்கைகளோடு வந்து நின்றபோது, கிறிஸ்தவனாகிய அந்த நாட்டரசன் நஜாஷி, உங்கள் நபி கொணர்ந்ததில் ஏதேனும் சொல்லுங்கள் என்று கேட்டான். நபியின் பெரிய தந்தை அபூதாலிபின் மகனான ஜஅஃபர், மர்யமின் பெயர் தாங்கிய அத்தியாயத்தின் முற்பகுதியை ஓதினார். கன்னித் தாய் ஒருத்தி தனித்துச் சென்று வேதனையுற்றுப் பேரீச்ச மரத்தடியில் பிள்ளை பெற்ற கதையை அரபு நாட்டு அகதி ஒருவர் வாயிலாகக் கேட்ட அரசன் தாடி நனைய அழுதான் என்றும், இவர்களை ஒப்படைக்க மாட்டேன் என்று தூதரைத் திருப்பி அனுப்பினான் என்றும் நபி சரித்திரத்தின் பழைய ஆசிரியர்கள் வரைந்திருக்கிறார்கள். இஸ்லாத்தின் குழந்தைப் பருவத்தில் அதற்குக் கிடைத்த முதல் அடைக்கல வீடு ஒரு கிறிஸ்தவ அரண்மனை. அந்த வீட்டின் கதவைத் திறந்த திறவுகோல் இயேசுவின் பிறப்புக் கதை.

குர்ஆனைப் புரட்டிப் பார்க்கிறவனுக்கு இன்னொரு வியப்பும் காத்திருக்கிறது. அதில் முகம்மது என்னும் பெயர் நான்கே இடங்களில் வருகிறது. ஈசா என்னும் பெயர் இருபத்தைந்து இடங்களில் வருகிறது. பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட ஒரே பெண்மணி ஈசாவின் தாய் மர்யம். தந்தையின்றிப் பிறந்ததையும், பிறவிக் குருடரையும் குஷ்டரோகியையும் சுகமாக்கியதையும் அந்நூல் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அவர் தேவகுமாரன் என்பதை உறுதியாக மறுக்கிறது. அவர் சிலுவையில் மாண்டார் என்பதையும் மறுத்து, இறைவன் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்கிறது. இவ்விரண்டு மறுப்பையும் சமரசம் பேசி மழுக்கிவிட முடியாது. மழுக்குவது இரு திறத்தாருக்கும் செய்யும் அவமரியாதை. கிறிஸ்தவனுக்குச் சிலுவை இல்லையேல் மீட்பு இல்லை. முஸ்லிமுக்கோ, இறைவனுக்கு இணை உண்டென்றால் மார்க்கமே இல்லை. வழி பிரிகிற அந்த இடத்தில் நிற்பது மரணம்.

ஆகவே இருவருடைய வாழ்க்கையைக் காட்டிலும், இருவருடைய மரணச் செய்தி அவர்தம் அன்பரை வந்தடைந்த விதமே என் சிந்தையை அதிகம் கவர்கிறது.

ஓய்வுநாள் கழிந்த விடியற்காலையில், இருட்டோடே, மகதலா ஊர் மரியாள் கல்லறைக்கு வந்தாள். கல் புரட்டப்பட்டிருந்தது, உள்ளே சரீரம் இல்லை. அவளுடைய முதல் எண்ணம் அதிசயத்தைப் பற்றியதன்று. யாரோ உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அழுதாள். எதிரே நின்றவரைத் தோட்டக்காரன் என்று நினைத்தாள். தன் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பின்னரே அறிந்துகொண்டாள். அவள் ஓடிவந்து சொன்ன சேதியின் சாரம், அவர் இறந்தவராக இல்லை என்பது. அதைக் கேட்ட சீஷருள் தோமா நம்பவில்லை. ஆணிக் காயத்தில் விரலையும் விலாவில் கையையும் இட்டாலன்றி ஏற்கமாட்டேன் என்று மரணத்தின் பக்கம் நின்று வாதாடினார். நம் நாட்டு மரபு மயிலாப்பூரில் கல்லறை காட்டுகிற அதே தோமையார்தாம் அவர். எட்டு நாள் கழித்து அந்தக் காயங்களை நேரே கண்டபோது அவருடைய வழக்கு முடிந்துவிட்டது.

632ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. மதீனாப் பள்ளிவாசலை ஒட்டிய சிறு அறையில், மனைவி ஆயிஷாவின் மார்பில் தலை சாய்த்தவாறு நபிகள் நாயகம் கண் மூடினார். வெளியே கூடிய ஜனத்திரளின் நடுவே உமர் எழுந்து நின்றார். நபி இறக்கவில்லை, மூசா நாற்பது இரவுகள் தம் இறைவனிடம் சென்று மீண்டதுபோல இவரும் சென்றிருக்கிறார், திரும்பி வருவார், இறந்தார் என்று சொல்கிறவர்களைத் தண்டிப்பார் என்று முழங்கினார். பேரன்பு பேதைமையின் உருக்கொண்டு நின்ற கணம் அது. ஊரின் புறத்தேயிருந்து விரைந்து வந்த, நபியின் தோழர் அபூபக்ர், யாரிடமும் பேசாமல் உள்ளே சென்று, போர்வையை விலக்கி, நண்பரின் முகத்தில் முத்தமிட்டு, வெளியே வந்தார். முகம்மதை வணங்கியவர்கள் இருந்தால் முகம்மது இறந்துவிட்டார் என்பதை அறிந்துகொள்ளட்டும். அல்லாஹ்வை வணங்கியவர்களுக்கு அவன் என்றும் ஜீவித்திருக்கிறான் என்ற கருத்துப்பட நிதானமாகச் சொல்லி, தூதர்களும் மாண்டுபோகிறவர்களே என்னும் பொருளுள்ள குர்ஆன் வசனத்தை ஓதிக் காட்டினார். அந்த வசனத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டவர்போல உமர் கால் தளர்ந்து தரையில் விழுந்தார்.

இவ்விரு காட்சிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எருசலேமில் மரணத்தை நம்பியவர் தோமா. அவர் ஜீவனுக்கு இழுத்து வரப்பட்டார். மதீனாவில் ஜீவனை நம்பியவர் உமர். அவர் மரணத்துக்கு இழுத்து வரப்பட்டார். இருவரும் தங்கள் தங்கள் ஆசானை அளவின்றி நேசித்தவர்கள். இருவரும் அந்த நேசத்தின் மிகுதியாலேயே தவறினார்கள். இருவரையும் திருத்தியதன் மேல்தான் இரு மார்க்கங்களும் நிலைபெற்றன. தோமாவின் சொல் நிலைத்திருந்தால், கிறிஸ்தவம் நல்லவர் ஒருவருக்கு நடத்தும் வருஷாந்தர நினைவு நாளாக முடிந்திருக்கும். உமரின் சொல் நிலைத்திருந்தால், இஸ்லாம் தான் எதை அழிக்க வந்ததோ அதையே, மனிதனை வணங்கும் வழக்கத்தையே, மறுபடி படைத்திருக்கும். ஒரு மார்க்கம் தன் நாயகர் இறந்திருக்கவில்லை என்று பிரகடனம் செய்வதால் உயிர்பெற்றது. மற்றொன்று தன் நாயகர் இறந்துவிட்டார் என்று பிரகடனம் செய்வதால் காப்பாற்றப்பட்டது.

பின்னால் வந்தவையெல்லாம் இந்த வித்துக்களிலிருந்து கிளைத்த மரங்கள். அவர் யார் என்னும் கேள்வியே கிறிஸ்தவத்தின் பெருங்கேள்வியாயிற்று. 325இல் நைசியாவிலும் 451இல் கல்சிதோனிலும் ஆயர்கள் கூடி, தெய்வத்தன்மையும் மனுஷத்தன்மையும் அவரில் எவ்வாறு பொருந்தின என்று ஆராய்ந்தார்கள். அவர் என்ன செய்தார் என்னும் கேள்வியே இஸ்லாத்தின் பெருங்கேள்வியாயிற்று. அவர் தண்ணீர் பருகிய விதமும், பல் துலக்கிய விதமும், குழந்தையைத் தோளில் ஏற்றித் தொழுத விதமும், சொன்னவர் இன்னார், அவருக்குச் சொன்னவர் இன்னார் என்னும் அறிவிப்பாளர் சங்கிலியோடு ஹதீஸ்களாகத் தொகுக்கப்பட்டன. இறைவனுடைய வார்த்தை மாம்சமாயிற்று என்றது ஒரு மார்க்கம். அந்த வார்த்தை ஓதும் மறையாக இறங்கிற்று என்றது மற்றொன்று. எனவே மனிதரோடு மனிதரை நிறுத்துவதைவிடக் கிறிஸ்துவுக்கு எதிரே குர்ஆனை நிறுத்துவதே பொருத்தம் என்று இருபதாம் நூற்றாண்டின் சமய ஒப்பியலார் சிலர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. தொல்காப்பியர் சொன்ன நான்கில், வினையும் மெய்யும் உருவும் இங்கே உதவா. பயன் ஒன்றே ஓரளவு கைகொடுக்கும்.

நம் தமிழ்ப் புலவர்களும் இந்தத் தயக்கத்தை ஏதோ ஒரு வகையில் அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கத் தோன்றுகிறது. 3615 பாடல்களால் 1726ஆம் ஆண்டில் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், காப்பியத் தலைவராக இயேசுவை வைக்கவில்லை. அவரை வளர்த்த தந்தை சூசையையே வளன் என்று பெயரிட்டுத் தலைவராக்கினார். 5027 பாடல்களால் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் காவியம், விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களாக விரிந்தும், நபிகள் நாயகத்தின் மறைவு வரை செல்லாமல் இடையிலேயே நின்றுவிட்டது. பிற்பகுதிக்குப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறா பாட வேண்டியதாயிற்று. நின்றதற்குக் காரணம் எதுவாயினும் ஆகுக. மதீனாவில் அந்த மரணத்தை ஒப்ப மறுத்தவரின் பெயரைத் தாங்கிய தமிழ்ப் புலவரின் ஏட்டில் அந்த மரணம் எழுதப்படவேயில்லை என்பதை எண்ணும்போது, எழுதாத ஏட்டுக்கும் ஒரு சொல் உண்டு என்று மனம் சொல்கிறது.

உமரை இன்னும் இரண்டு இடங்களில் சந்திக்க வேண்டியிருக்கிறது. நபிகள் நாயகம் மறைந்து ஆறாண்டுகள் அளவில், 638ஆம் ஆண்டை ஒட்டி, எருசலேம் நகரம் முஸ்லிம்கள் வசமாயிற்று. நகரத்தை ஒப்புக்கொள்ளக் கலீபா உமரே எளிய உடையில் வந்தார். சக்கரவர்த்தி கான்ஸ்தந்தீன் எழுப்பி 335இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற கல்லறைத் தேவாலயத்தைத் தலைமைக் குரு சொப்ரோனியுஸ் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது தொழுகை வேளை வந்தது. உள்ளேயே தொழலாம் என்று குரு உபசாரமாகச் சொல்லியும் உமர் இசையாமல், வெளியே படிக்கட்டில் தனியே தொழுதார். உமர் தொழுத இடம் என்று சொல்லிப் பிற்காலத்து முஸ்லிம்கள் இந்த ஆலயத்தைக் கைக்கொண்டுவிடுவார்கள் என்று காரணமும் கூறினார். இதை எழுதி வைத்தவர் பத்தாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவத் தலைமைக் குரு. தம் நபியின் மரணத்தை ஏற்கச் சக்தியின்றித் தரையில் விழுந்த மனிதர், மரணம் தோற்ற இடம் என்று வேறு மக்கள் போற்றும் வாசலுக்கு வந்து நின்றபோது, அதற்குள் புகுந்து அதைத் தமதாக்கிக்கொள்ளவும் இல்லை. அது பொய் என்று இடிக்கவும் இல்லை. வாசலைப் பார்த்தார், தம் தொழுகையைத் தமக்குரிய இடத்தில் செய்தார். அந்தத் தேவாலயத்தின் சாவி பல நூற்றாண்டுகளாக ஒரு முஸ்லிம் குடும்பத்தாரிடமே இருந்து வருகிறது.

644ஆம் ஆண்டில் கத்தியால் குத்துண்டு மரணப்படுக்கையில் கிடந்த உமர், ஆயிஷாவுக்கு ஆள் அனுப்பி, தம் இரு தோழர்களுக்குப் பக்கத்தில் தம்மை அடக்கம் செய்ய அனுமதி வேண்டினார். எனக்கென்று வைத்திருந்த இடம் அது, இன்று அவருக்கு விட்டுக் கொடுக்கிறேன் என்று அந்த அம்மையார் சொல்லியனுப்பினார். இவ்வாறாக நபிகள் நாயகம், அபூபக்ர், உமர் ஆகிய மூவரும் அந்தச் சிறு அறையில் துயில்கிறார்கள். அங்கே இன்னும் ஒரு கப்ருக்கு இடம் விடப்பட்டிருக்கிறது என்றும், உலகத்தின் இறுதிக் காலத்தில் வானத்திலிருந்து இறங்கி வந்து, நீதி செலுத்தி, எல்லா மனிதரையும்போல இறந்துபடப் போகிற மர்யமின் மைந்தர் ஈசாவுக்கு உரியது அந்த இடம் என்றும் முஸ்லிம்களிடையே ஒரு பழைய மரபு வழங்குகிறது.

எருசலேமில் ஒரு கல்லறை. அதில் இருந்தவர் எழுந்து போய்விட்டார் என்பதால் அது வெறுமையாக இருக்கிறது என்பர் கிறிஸ்தவர். மதீனாவில் ஓர் இடம். அதற்குரியவர் இன்னும் வரவில்லை என்பதால் அது வெறுமையாக இருக்கிறது என்பர் முஸ்லிம்கள். இரண்டு வெற்றிடங்களும் ஒருவருக்கே உரியவை. இரண்டையும் பற்றி இரு மக்களும் சொல்லும் காரணங்கள் என்றும் ஒன்றாக மாட்டா. ஒப்பிடப் புகுந்தவன் அந்த இடங்களைத் தன் சொற்களால் நிரப்பிவிட ஆசைப்படுவது இயல்பே. படிக்கட்டோடு நின்றுகொண்ட உமரை நினைத்து, நானும் வாசலோடு நின்றுகொள்கிறேன்.